உத்தரமேரூர்க் குடமும் காஜாங் வாக்கும்

நம் தமிழ்ப்பள்ளிகளிலே பேச்சுப் போட்டி நடைபெறுங்கால், தமிழரும் மக்களாட்சியும் என்பது போன்றதொரு பொருள் கொடுக்கப்பட்டுவிட்டால், மேடையேறும் மாணவர் என்ன சொல்வார் என்பதை ஆசிரியர் எவரும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம். ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே உத்தரமேரூரிலே குடவோலை முறையால் தேர்தல் நடத்திக் காட்டினான் தமிழன். வாக்குரிமையை உலகுக்கு வழங்கியவன் அவனே. மேனாட்டார் பின்னர்தான் வந்தனர். உடனே கைதட்டல் எழும். காஜாங்கிலும் இதுவே, கிள்ளானிலும் இதுவே. பிரிக்பீல்ட்ஸ் மண்டபங்களிலே பெரியவர்கள் ஆற்றும் உரையிலும் இதுவே. இவ்வாறு பேசுவோர் பலர். அக்கல்வெட்டின் வாசகத்தை ஒரு முறையேனும் படித்தவர் சிலர். படித்துப் பார்ப்பவர்க்கு இப்பெருமிதம் சற்றே இடறும். ஆயினும், நாம் பேசும் பெருமையினும் பயன்மிக்க வேறொரு செய்தி அங்கே கிடக்கக் காண்பர். அச்செய்தியைக் கொண்டு நாம் வாழும் இவ்வூர்த் தேர்தலை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உத்தரமேரூர் காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உள்ள ஊர். அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரிலே முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இப்பொருள் பற்றி உள்ளன. முன்னது அவனது 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919இல் பொறிக்கப்பட்டது. பின்னது 14ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 921இல். நீலகண்ட சாஸ்திரியார் முதலிய அறிஞர் இவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். அவ்வூர் ஒரு பிரமதேயம். அதன் சபை அந்தணர் சபை. ஓலையிலே பெயர் எழுதப்படுவதற்கு இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும். தன் மனையிலே கட்டிய வீட்டில் குடியிருத்தல் வேண்டும். பின்னைய கல்வெட்டின்படி 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டிருத்தல் வேண்டும். வேதக் கல்வியும் வேண்டும். கல்வி மிக்கிருந்தால் நிலம் அரைக்கால் வேலியாகக் குறைந்தாலும் கொள்ளலாம் என்றொரு சலுகையும் உண்டு. நிலத்தை உழுதவனுக்கும் தறியில் நெய்தவனுக்கும் பெண்டிர்க்கும் அக்குடத்தில் ஓலை இல்லை.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. அங்கே யாரும் யாருக்கும் வாக்களிக்கவில்லை. குடத்திலிருந்து எடுத்த ஓலையில் எவன் பெயர் வந்ததோ அவனே வாரியத்துக்கு உரியவன். இது திருவுளச் சீட்டு. பழைய கிரேக்கத்து ஏதென்ஸ் நகரிலும் பதவிகள் பலவற்றுக்குச் சீட்டு முறையே இருந்தது. தேர்தல் என்னும் நம் சொல்லை எண்ணிப் பாருங்கள். தேர் என்னும் வினையடிக்கு ஆராய்தல் என்பது பொருள். வள்ளுவர் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். குடம் ஆராயாது. அக்கல்வெட்டில் ஆராய்ச்சி முழுவதும் ஓலை குடத்துக்குள் விழுமுன்னரே நடந்து முடிந்துவிடுகிறது. குடத்துக்கு எஞ்சியது நடுநிலை மட்டுமே. இக்காலத் தேர்தலிலோ பெயர் கொடுப்பதற்குத் தடைகள் மிகச் சில. ஆராயும் வேலை வாக்காளனிடம் விடப்பட்டுள்ளது. இரண்டையும் ஒன்றெனச் சொல்லும் பாடநூல் மாணவனுக்கு இரண்டையும் கற்பிக்கவில்லை.

எனின், அக்கல்வெட்டிலே நாம் போற்றத்தக்கது யாது?

அதன் ஐயமே போற்றத்தக்கது என்பேன். ஊரிலே முப்பது குடும்புகள். குடும்பு தோறும் தகுதியுடையோர் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதி, எக்குடும்பு என்பதைக் காட்டும் வாயோலை பூட்டிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுகின்றனர். சபை கூடும்போது இளையோரும் முதியோரும் இருத்தல் வேண்டும். அன்று ஊரிலுள்ள நம்பிமார் ஒருவர் விடாமல் மண்டபத்தினுள்ளே அமர்த்தப்படுகின்றனர். அவருள் மூத்தவர் ஒருவர் எழுந்து குடத்தை எல்லாரும் காண மேலே தூக்கிப் பிடிக்கிறார். உள்ளிருப்பதை அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுக்கிறான். அக்கட்டு அவிழ்க்கப்பட்டு, வேறொரு வெறுங்குடத்தில் இடப்பட்டுக் குலுக்கப்படுகிறது. மீண்டும் சிறுவன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுக்கிறான். அதனை அவன் எப்படி வாங்க வேண்டும்? ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையிலே ஏற்க வேண்டும். பிறகு வாசிக்க வேண்டும். அவன் வாசித்ததோடு நில்லாமல் உள்ளிருக்கும் நம்பிமார் அனைவரும் அதனை வாசிக்க வேண்டும். அதன் பின்னரே அப்பெயர் எழுதப்படும்.

ஐந்து விரல்! கல்லில் வெட்டுவதற்கு உரிய செய்தியா இது என்று நகைப்பவரும் இருக்கலாம். விரல்களுக்கிடையே வேறோர் ஓலை மறைந்திருக்கக் கூடும் என்று ஒரு கூட்டம் வெளிப்படையாக எண்ணியது. அந்த எண்ணத்தை மறைக்காமல் சட்டமாக்கியது. மத்தியஸ்தன் நல்லவன் என்று கல்வெட்டுச் சொல்லவில்லை. அவன் கையைத் திறந்து காட்டட்டும் என்கிறது. தேர்தல் ஆட்சிமுறையின் உயிர் இங்கேதான் உள்ளது. சங்க நூலாகிய அகநானூற்றின் 77ஆம் பாட்டிலும் இதன் சாயல் உண்டு. பாலை வழியிலே வீழ்ந்து கிடப்பவன் குடரைக் கழுகு பறித்திழுக்கும் காட்சிக்கு மருதன் இளநாகனார் உவமை தேடுகிறார். கயிற்றால் கட்டிய குடத்தின் மேலிட்ட பொறியை முதலில் பார்த்து, பின் அதனை நீக்கி, உள்ளிருக்கும் ஓலையை வெளியே எடுக்கும் அலுவலரைக் காட்டுகிறார். கொடிய காட்சிக்கு அமைந்த உவமைதான். ஆயினும் முத்திரையைச் சரிபார்த்த பிறகே குடத்தைத் திறக்க வேண்டும் என்னும் ஒழுங்கு அக்காலத்துப் புலவர்க்கு உவமையாகும் அளவுக்குப் பழகியிருந்தது என்பதை வகுப்பில் யார் சொல்கிறோம்?

அன்றியும், 919இல் செய்த விதியை அதே சபை 921இல் திருத்தியது. வயது வரம்பு முன்பு 30 முதல் 60 வரை இருந்தது, அது மாற்றப்பட்டது. மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவன் மீண்டும் வரலாகாது என்பது நிலைநிறுத்தப்பட்டது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் விலக்கப்பட்டான். அவன் மட்டுமோ, அவன் உறவினர் இன்னின்னார் என்று நீண்டதொரு பட்டியலே விலக்கப்பட்டது. முதல் விதி போதவில்லை என்று கண்டவுடன் இரண்டே ஆண்டில் திருத்தினர். அரசனின் அலுவலன் ஒருவன் ஆணையுடன் வந்து உடனிருந்தான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சபை முற்றும் தன்னுரிமை உடையது அன்று.

இனி நம் ஊருக்கு வருவோம். தேர்தல் நாளன்று இந்நாட்டுப் பள்ளிகள் பல வாக்குச் சாவடிகளாகின்றன. ஆசிரியர் பலர் சாவடி அலுவலராக அமர்கின்றனர். எனவே இதனைப் படிப்போருள் பலர் குடத்தின் கதையைக் கற்பிப்போர் மட்டுமல்லர்; குடத்தைத் தூக்கிப் பிடிப்போருமாவர். காலையிலே பெட்டி வெறுமையாக இருப்பதை முகவர்களுக்குக் காட்டி முத்திரை இடுகிறீர்கள். வாக்காளர் பெயரை உரக்க வாசிக்கிறீர்கள். எதிரே அமர்ந்த முகவர் தம் பட்டியலில் கோடிடுகிறார். விரலில் மை இடுகிறீர்கள். மாலையிலே அதே அறையில் ஒவ்வொரு வாக்குச் சீட்டையும் உயர்த்திக் காட்டி எண்ணுகிறீர்கள். முடிவை 14ஆம் எண் படிவத்தில் எழுதி முகவர்க்கும் ஒரு படி கொடுக்கிறீர்கள். விரித்த ஐந்து விரலும் இதுவும் ஒரே குலம்.

இவ்வொழுங்கு தானாக வந்ததன்று. அழியா மையை 2008ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலேயே இடுவதாகச் சொல்லி, வாக்களிப்புக்கு நான்கு நாள் முன்னர் தேர்தல் ஆணையம் கைவிட்டது. 2007, 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் தூய தேர்தல் வேண்டிக் கோலாலம்பூர்த் தெருக்களிலே மக்கள் திரண்டனர். நாடாளுமன்றத் தெரிவுக் குழு 2012 ஏப்ரலில் 22 பரிந்துரைகளை அளித்தது. 2013இல்தான் பொதுத் தேர்தலில் மை வந்தது. வந்த மையும் கழுவினால் போகிறது என்று பலர் முறையிட்டனர். 2018இல் 14ஆம் எண் படிவம் கையொப்பமின்றிக் கொடுக்கப்பட்டதாகவும் கொடுக்கப்படவே இல்லை என்றும் சில இடங்களில் குறை எழுந்தது. வயது வரிசையில் வாக்காளரைச் சாலுரான் என்னும் அறைகளாகப் பிரிக்கும் வழக்கத்தால், முதியோர் அறை எப்படி, இளையோர் அறை எப்படி என்று மறுநாளே ஊரார் கணக்குச் சொல்லிவிடுகின்றனர். இரகசிய வாக்கு என்பதற்கு இது முற்றும் பொருந்துமா என்பது தனியே ஆராயத்தக்கது. இவை எவ்வாறாயினும், சாவடி அறைக்குள் நடப்பது நாளடைவில் சீராகியே வந்துள்ளது.

காஜாங் சட்டமன்றத் தொகுதியில் 2014 மார்ச்சு 23ஆம் நாள் நடந்த இடைத்தேர்தலை நினைவுகூர்க. உறுப்பினராயிருந்த லீ சின் செ சனவரியில் பதவி விலகினார். அன்வார் இப்ராஹிம் அங்கே நின்று வென்று சிலாங்கூர் மந்திரி பெசாராக வரவேண்டும் என்பது அவர் கட்சியின் திட்டம். மார்ச்சு 7ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தமையால், அவர் துணைவியார் வான் அசிசா வேட்பாளரானார். 5,379 வாக்கு வேறுபாட்டில் வென்றார். அவ்வாண்டு செப்டம்பரில் மந்திரி பெசாராகப் பதவியேற்றவரோ அஸ்மின் அலி. சாவடியில் பெட்டி வெறுமையாகக் காட்டப்பட்டது; எண்ணிக்கை எல்லார் முன்னும் நடந்தது; அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் காஜாங் மக்கள் எதற்காக அன்று வரிசையில் நிற்க வேண்டியிருந்தது என்பதைக் குடத்துக்கு வெளியே யாரோ முடிவு செய்தனர். தாமே விலகிய உறுப்பினர் ஐந்தாண்டு மீண்டும் வரலாகாது என்னும் தடை அன்றைய சட்டத்தில் இருந்தது. உத்தரமேரூர்ச் சபையார் மூன்றாண்டு சொன்னதை இது நினைவூட்டும். தடை விலகியவரைக் கட்டியது; விலகச் செய்த திட்டத்தைக் கட்டவில்லை.

இஃது ஒரு நாள் செய்தி. குடத்துக்கு வெளியே நிலையாக நடப்பது வேறு. அதனைத்தான் நம் மேடைகள் பேசாமல் விடுகின்றன. தொகுதியின் எல்லையைக் குறிக்கிறேன்.

2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் காஜாங் சட்டமன்றத் தொகுதி, சுங்கை ராமால், பாலாக்கோங் ஆகியவற்றோடு சேர்ந்து பாங்கி நாடாளுமன்றத் தொகுதிக்குள் அமைந்தது. அவ்வாண்டுப் பொதுத் தேர்தலிலே பாங்கியின் வாக்காளர் 178,790, நாட்டிலேயே மிகுதி. மிகக் குறைந்தது சரவாக்கின் இகான் தொகுதி: 19,592. ஏறத்தாழ ஒன்பதுக்கு ஒன்று. 2022 நவம்பரில் நடந்த 15ஆவது பொதுத் தேர்தலிலே பாங்கி 303,430, இகான் 28,290. இப்போது பத்து மடங்குக்கும் மேல். பாங்கிக்கும் ஒரே உறுப்பினர்தான், இகானுக்கும் ஒரே உறுப்பினர்தான். காஜாங் கடைத்தெருவில் சத்தே விற்பவர் பத்துப் பேர் கூடி வாக்களித்தாலும் இகான் ஆற்றங்கரையில் ஒருவர் இடும் வாக்கின் எடை வாராது.

நான்காண்டில் இடைவெளி ஏன் விரிந்தது? இங்கேதான் சிந்திக்க வேண்டிய முரண் உள்ளது. 2019 சூலையில் நாடாளுமன்றம் ஒருமனதாக அரசமைப்பைத் திருத்தி, வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. பதிவும் தானாக நிகழும் என்றது. 2021 டிசம்பர் 15 முதல் அது நடைமுறைக்கு வந்தது. நாட்டு வாக்காளர் தொகை ஒரு கோடியே 49 இலட்சத்திலிருந்து இரண்டு கோடியே 11 இலட்சத்துக்கும் மேலாக உயர்ந்தது. சீர்திருத்தங்களிலே இதனை மிகச் சிறந்ததாகவே கொள்கிறேன். பதிவு அலுவலகத்தின் பக்கமே போகாத எத்தனையோ தமிழ் இளைஞர் இதனால் பட்டியலில் ஏறினர். சிவப்பு அடையாள அட்டையோடு குடியுரிமைக்குக் காத்திருப்போரை மட்டும் இது தொடவில்லை. அவர்க்குப் பட்டியலே எட்டாதது. ஆயினும் புதிய பெயர்கள் மிகுதியாகக் குவிந்த இடம் நகர்ப்புறம். ஓலைகளைப் பெருக்கினார்கள், குடும்புகளின் எல்லையை அப்படியே விட்டுவிட்டார்கள். முன்னரே பருத்திருந்த தொகுதி மேலும் பருத்தது. ஒரு பக்கத்து நன்மையே மறு பக்கத்து ஏற்றத்தாழ்வை வளர்த்தது.

இது தற்செயல் என்று சொல்லிவிட முடியாது. 1957இல் இந்நாடு விடுதலை பெற்றபோது, தொகுதிகளின் வாக்காளர் தொகை சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்று அரசமைப்பு வரையறுத்தது; எல்லை வகுக்கும் அதிகாரத்தையும் ஆணையத்துக்கே தந்தது. அதன்படி 1960இல் ஆணையம் 104 தொகுதிகளை 100ஆக மாற்றி வகுத்தது. 1962இல் அரசமைப்பு திருத்தப்பட்டது, அவ்வகுப்பு கைவிடப்பட்டது. அன்றிலிருந்து ஆணையம் பரிந்துரைப்பதோடு சரி, முடிவு நாடாளுமன்றத்தினுடையது. நாட்டுப்புறத் தொகுதி ஒன்று நகர்த் தொகுதியின் பாதி அளவுக்கு இறங்கலாம் என்றும் ஆயிற்று. 1973இல் அந்தப் பாதி என்னும் வரம்பும் நீக்கப்பட்டது. 919இன் சபை இரண்டாண்டில் விதியை இறுக்கியது. இங்கே பதினாறு ஆண்டில் கட்டு இரண்டு முறை தளர்ந்தது. கடைசித் திருத்தம் 2018 மார்ச்சு 28ஆம் நாள் 129க்கு 80 என்னும் வாக்கில் நிறைவேறியது. பத்து நாளில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. முந்திய அறிவிப்பை எதிர்த்துச் சிலாங்கூர் மாநில அரசே நீதிமன்றம் சென்றிருந்தது என்பதையும் சேர்த்து எண்ணுக.

மறுப்போர் கூறுவதையும் கேட்க வேண்டும். இகானைப் பாங்கியோடு ஒப்பிடலாகாது. சபா, சரவாக் மாநிலங்கள் 1963இல் இணைந்தபோது அவற்றுக்கு மிகுந்த இடம் கொடுப்பது உடன்பாடு. அவற்றின் எல்லைத் திருத்தமும் தனியே நடப்பது. சரியே. நாட்டுப்புறத்திலே ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. உறுப்பினர் எல்லாரையும் எட்டுதல் அரிது. இதுவும் ஓரளவு சரியே. தலைகளை மட்டும் எண்ணினால் நீதியாகிவிடாது என்பதைத் தமிழகம் இந்தியாவில் வாதாடி வருகிறது. அங்கே மாநிலங்களுக்குரிய நாடாளுமன்ற இடங்கள் 1976இல் 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி உறைய வைக்கப்பட்டன. 2002இல் நடைமுறைக்கு வந்த 84ஆம் திருத்தம் அதனை நீட்டித்தது. குடும்பக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்த மாநிலம் அதனாலேயே இடம் இழக்கலாமா என்பது அவர்கள் கேள்வி. எண்ணிக்கை ஒன்றே அளவுகோல் என்று நான் கூறவில்லை.

ஆனால் சிலாங்கூருக்குள்ளேயே பாருங்கள். 2022இல் சபாக் பெர்ணம் தொகுதியின் வாக்காளர் ஐம்பதாயிரத்தை ஒட்டியவர். பாங்கி அதன் ஆறு மடங்குக்கு அருகில். இங்கே 1963ஆம் ஆண்டு உடன்பாட்டைச் சொல்ல இயலாது. நெல் வயல் சூழ்ந்த ஊர் என்று அதற்குச் சலுகை கொடுக்க வேண்டின், இரண்டு மடங்கு கொடுக்கலாம்; 1962இன் சட்டமே அதற்கு மேல் கேட்கவில்லை. புத்ராஜெயாவோ காஜாங்குக்கு அண்மையில் உள்ள அலுவலக நகரம். நெல்லும் இல்லை, காடும் இல்லை. அதன் வாக்காளர் நாற்பதினாயிரத்துக்குச் சற்று மேல். கூட்டரசுப் பிரதேசம் என்பதால் அதற்கு ஓர் உறுப்பினர். பாங்கிக்குள் ஏழு புத்ராஜெயா அடங்கும்.

இதிலே தமிழர்க்குத் தனியான தொடர்பு உண்டா எனில், உண்டு. காஜாங்கைச் சுற்றியிருந்த இஞ்ச் கென்னத் முதலிய இரப்பர்த் தோட்டங்கள் இந்நாட்டு இரப்பர் வரலாற்றின் தொடக்க காலத்தவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்பு நிலங்களாக மாறியும் போனபின், நம்மவர் பெரும்பாலும் நகர்ப்புற அடுக்குமாடிகளிலே குடியேறினர். இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி இந்நாட்டில் ஒன்றேனும் இல்லை. பருத்த நகர்த் தொகுதிகளில் வாழும் சிறுபான்மையோரின் வாக்கு இரு முறை மெலிகிறது: தொகையால் ஒரு முறை, தொகுதியின் பருமையால் மறு முறை. தமிழ்ப்பள்ளிக்கு நிலம், கட்டடம் என்று கேட்டு ஓர் உறுப்பினர் அலுவலகத்துக்கு நாம் செல்லுங்கால், அவர் மேசையிலே மூன்று இலட்சம் பேரின் விண்ணப்பங்கள் கிடக்கின்றன. நம் கோரிக்கை தாமதமாவதற்கு அவர் மனம் மட்டுமே காரணமென்று வைதுவிட்டுத் திரும்புகிறோம்.

உத்தரமேரூர்க் கல்வெட்டும் இவ்விடத்தில் நமக்கு முழு விடை தருவதன்று. முப்பது குடும்புக்கும் ஆளுக்கொரு பெயர். எக்குடும்பு பெரியது, எது சிறியது என்று அது சொல்லவில்லை. ஒரு கட்டில் ஐம்பது ஓலையும் மற்றொரு கட்டில் ஐந்தே ஓலையும் இருந்திருந்தால், ஐந்து விரலை விரித்து என்ன பயன்? குடத்தை அவ்வளவு நுணுக்கமாகக் காத்தவர்கள் கட்டின் பருமனைக் கேட்கவில்லை. வகுப்பிலே இக்கல்வெட்டைப் பாடமாக வைக்கும் ஆசிரியர் இந்த ஒரு வினாவை மாணவரிடம் போட்டுப் பார்க்கலாம். கைதட்டலுக்காக மனப்பாடம் செய்த பேச்சு அந்த இடத்தில் நின்றுவிடும், பாடம் தொடங்கும்.

அரசமைப்பின்படி ஒரு திருத்தத்துக்கும் அடுத்த திருத்தத்துக்கும் இடையே எட்டாண்டுக்குக் குறையாத இடைவெளி வேண்டும். 2018 மார்ச்சிலிருந்து எண்ணினால் தீபகற்பத்துக்கு அது 2026 மார்ச்சில் நிறைவுறும். ஆணையம் தன் பரிந்துரையை அறிவித்து, வரைபடத்தையும் பட்டியலையும் ஒரு மாத காலம் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். அதற்குள் எதிர்ப்பு எழுத்தில் வந்தால் உள்ளூரில் உசாவல் நடத்தியே தீர வேண்டும் என்று 13ஆம் அட்டவணை கட்டளையிடுகிறது. எதிர்ப்புக் கொடுக்க உரியவர் மாநில அரசு, நகராண்மைக் கழகம் போன்ற உள்ளாட்சி அமைப்பு, அன்றேல் அத்தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள நூறு பேர் சேர்ந்த குழு. காஜாங் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் கூட்டங்களைச் சேர்த்து எண்ணினால் நூறு பேர் தேறாமல் போகமாட்டார்கள்.